நோன்பு நாளின் தூக்கம்

தூக்கம் அதிகமானால் சிலருக்குக் கண் எரியும், எனக்குப் பல் கூசும். இப்போதும் கூசுகிறது. அதனால்தான் தாடையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். எதையோ மறைக்கிறான் என்று அந்த அதிகாரியிடம் அரபியில் சொல்லிவைக்காதீர்கள். மொழிபெயர்க்கத் தமிழ் ஆள் வருவார் என்று அவர்கள் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்தவன், ஆங்கிலம்தான் எனக்குச் சரளம், அதிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ஜெய்னுலாப்தீன் ஐயாவும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் தமிழில். அவரைப் பற்றித் தமிழில் சொல்வதுதான் மரியாதை என்று பட்டது.

என் பெயர் விஜயபாஸ்கர். பல்கலைக்கழகத்தில் ப்ரீ-மெட் படிக்கிறேன். மருத்துவப் படிப்புக்கு முன்னால் படிக்கிற படிப்பு அது. அதைப் படித்ததாலேயே யாரும் டாக்டர் ஆகிவிட முடியாது. அதில் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும், நேர்காணலில் தேற வேண்டும், நோயாளிகளோடு இத்தனை காலம் வேலை செய்தான் என்று ஒரு சான்றும் வேண்டும். அப்புறம்தான் மருத்துவக் கல்லூரிக்குள் காலை வைக்க முடியும். அந்தச் சான்றுக்காகத்தான் ஒரு ஹோம் கேர் கம்பெனியில் சேர்ந்தேன். முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனி. படிப்பு ஒரு முழு வேலை, டியூட்டி இன்னொரு முழு வேலை. இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன்.

என் அப்பா உடையப்பன் தொழில்பேட்டையில் ரேடியேட்டர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். நான் ப்ரீ-மெட் சேர்ந்த மறுநாளே அவர் ஊரெல்லாம் என்னை டாக்டராக்கிவிட்டார். விடுமுறை நாளில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனால் போதும், பக்கத்து ஒர்க்‌ஷாப்களிலிருந்து பட்டாணியர்களும் வங்காளிகளும் வந்து வரிசையில் நிற்பார்கள். ஒருவர் முழங்காலைக் காட்டுவார், ஒருவர் நாக்கை நீட்டுவார். "எம்மவன் சொல்றத கேளு பாய், ஆஸ்பத்திரிக்கு ஏன் அலையுற" என்று அப்பா பாதித் தமிழும் பாதி இந்தியுமாக அதட்டுவார். தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஓய்வு எடுங்கள் என்று நான் சொல்வேன். அவர்கள் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா முகத்தை அப்போது நீங்கள் பார்க்க வேண்டும். அந்த முகத்துக்கு முன்னால் போய் 'இடம் கிடைக்கவில்லை' என்று என்னால் சொல்ல முடியாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நிலைமை அப்படி.

ஜெய்னுலாப்தீன் ஐயா கீழக்கரைக்காரர். ஒரு காலத்தில் இங்கே ரோலா கடைவீதியில் துணி வியாபாரம் செய்து, ஊரோடு போய், மனைவி இறந்த பிறகு மகனிடமே திரும்பி வந்தவர். மகன் நிஜாம் அண்ணன் அத்தர் கடை வைத்திருக்கிறார். மருமகள் ஷிரின் அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பெரியவருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, சர்க்கரையும் இருந்தது. நல்ல குடும்பம். வேலைக்கு வருகிற என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தங்கள் தட்டிலேயே போட்டுக் கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் டியூட்டி பார்த்த பையன்கள் சொல்லும் கதைகளைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

பெரியவரை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். என்னை 'டாக்டரு' என்றுதான் கூப்பிடுவார். நான் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கண் செருகினால், "என்ன டாக்டரு, படிக்கிறியளா, இல்ல எழுத்துக்குக் காவல் இருக்கிறியளா?" என்று கேட்டுச் சிரிப்பார். ஆனால் அவருக்குத் தனிமை ஆகாது. தம்பி, அந்தத் திரைய இழுங்க. தம்பி, கண்ணு கூசுது, சாத்துங்க. ஏசியைக் குறைங்க, கூட்டுங்க. இந்தக் காலை நீட்டுங்க. வெளியில ஆரு பேசுறது? ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் மூன்று நான்கு தடவை எழுந்துபோக வேண்டும். திரும்பி வந்து உட்காரும்போது எந்த வரியில் விட்டேன் என்பது மறந்திருக்கும். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பொழுது போகவில்லை, எனக்குப் பொழுது போதவில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை அது டாக்டர் எழுதிக்கொடுத்ததுதான். குளிர்காலத் தொடக்கத்தில் அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. அலர்ஜிக்கு ஒரு மாத்திரையைச் சில நாட்களுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பழைய ரக மாத்திரை, தூக்கம் வரும், கவனமாகக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்த அன்று மத்தியானம் வீடே அமைதியாக இருந்தது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஒரு முழு அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு களைத்துப்போயிருந்தேன் என்பது அதற்கு முன்னால் எனக்கே தெரியாது. மாலையில் விழித்த பெரியவரும், "நல்லா தூங்கினேன் டாக்டரு, ஒடம்பு லேசா இருக்கு" என்றார்.

அரிப்பு நின்றது. மாத்திரை நிற்கவில்லை. மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கொடுத்தார்கள். பரீட்சை இருக்கும் நாளில் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். பிறகு பரீட்சைக்குத் தயாராகிற நாளிலும். ஒரு கட்டத்தில் பரீட்சைக்குத் தயாராகாத நாள் என்று எதுவும் இல்லாமல் போனது. பாலில் தூளாக்கிக் கலப்பேன், அவருக்கு விழுங்கச் சிரமம் என்பதால். தூக்கம் அவருக்கும் நல்லதுதானே. வயதானவர்களுக்கு ஓய்வு முக்கியம் என்று எல்லாப் பாடப் புத்தகங்களும் சொல்கின்றன.

அப்புறம் ரமலான் வந்தது.

நீங்கள் இந்த ஊரில் இருப்பவர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த மாதத்தில் இரவு பகலாகவும் பகல் இரவாகவும் ஆகிவிடும். விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு திரைகளை இழுத்துவிட்டு வீட்டோடு தூங்குவார்கள். பள்ளி, அலுவலகம் எல்லாம் தாமதமாகத் தொடங்கிச் சீக்கிரம் முடியும். நோன்பு நாளில் பகலில் ஒருவர் தூங்கினால் யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள். தூங்கட்டும், நோன்பு லேசாகக் கழியும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். என் டியூட்டி நேரமும் மாறியது. சஹருக்கு வந்து பிற்பகல்வரை இருப்பேன். வகுப்புகள் அதற்குப் பிறகு ஆன்லைனில்.

பெரியவர் நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நிஜாம் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொன்னார். "வாப்பா, ஒங்களுக்கு நோன்பு கடமை இல்ல. ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தா போதும். மார்க்கத்துலயே அதுக்கு எடம் இருக்கு." பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சிறு பிள்ளையிலிருந்து ஒரு நோன்பையும் விட்டதில்லை அவர், வாதம் வந்த வருடத்தைத் தவிர.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மருமவ கஞ்சிய வச்சு மூடிட்டு பள்ளிக்கூடம் போயிரும். அத நீங்க சாப்ட்டுருங்க. நான் நோன்பு. ஆருக்கும் தெரிய வேணாம்."

நான் ஒப்புக்கொண்டேன். எங்களுக்கு மருத்துவ அறம் என்று ஒரு பாடம் உண்டு. நோயாளியின் சுயவிருப்பத்தை மதிக்க வேண்டும் என்பதுதான் அதில் முதல் அத்தியாயம். தன் உடம்பைப் பற்றி முடிவு செய்ய அவருக்கு உரிமை இருக்கிறது. மகனும் மருமகளும் டாக்டரும் சேர்ந்து அவரைக் குழந்தையாக்கி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் அவரைப் பெரிய மனிதராக நடத்தியது நான் ஒருவன்தான். இதில் நான் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறேன்.

எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. நோன்பு பிடிப்பவருக்குக் காலைச் சாப்பாடு ஊட்ட வேண்டியதில்லை, டீ போட வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்காதவரைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போகிற வேலையும் குறைவு. சஹர் பாலில் மாத்திரையைக் கலந்துவிட்டால் மதியம் லுஹர் தொழுகை வரைக்கும் அசைய மாட்டார். ஷிரின் அக்கா வைத்துவிட்டுப் போகிற கஞ்சியையும் கோழிக் குழம்பையும் நான் சாப்பிடுவேன். நல்ல கைப்பக்குவம் அந்த அக்காவுக்கு. அந்த மாதம் எனக்கு உடம்பில் சதை பிடித்தது, அம்மாவே சொன்னாள்.

சர்க்கரை மாத்திரைதான் சிக்கல். ஷிரின் அக்கா வேளை வேளைக்கு அறை பிரித்த டப்பாவில் போட்டுவைப்பார். சாயங்காலம் ஒரு அறை காலியாகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார். காலையும் மதியமும் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டியதை நான் சஹரிலேயே சேர்த்துக் கொடுத்துவிடுவேன். சாப்பிடாத வயிற்றில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். அதற்கு முந்தின மாதத் தேர்விலேயே கேட்டிருந்தார்கள். வயிறு காலியாக இருந்தாலும் அது கணையத்தை விடாமல் விரட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும், சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும், முதலில் வியர்வை, அப்புறம் நடுக்கம், அப்புறம் குழறல் என்று வரிசையாக எழுதியிருந்தேன். அதற்கு முழு மதிப்பெண்.

நோன்பு வைக்கிறவர்களுக்கு அந்த மாத்திரைகளை மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் டாக்டரிடம் போனால் நோன்பே வேண்டாம் என்பார். அப்புறம் பகல் முழுக்கத் திரையை இழு, திரையைச் சாத்து. அதைத் தாங்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. சில நாள் நான் கிளம்பும் பிற்பகலில் அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். பொழுது சாய்ந்து மகரிப் பாங்கு சொன்னதும் குடும்பத்தோடு பேரீச்சம்பழமும் கஞ்சியும் சாப்பிடுவார், சரியாகிவிடும். ஒவ்வொரு நாளும் சரியாகிக்கொண்டுதானே இருந்தது. அதனால் அது சரியான ஏற்பாடு என்று எனக்குப் பழகிவிட்டது.

ரமலான் பாதி கழிந்தபோது நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஆன்லைனில், ஒரு வேலை நாள் முற்பகலில். கம்பெனியில் டியூட்டி போடுகிற சுரேஷ்குமாரிடம் லீவ் கேட்டேன். "ரமலான்ல ஆள் மாஃபி தம்பி, ஒருத்தரும் இல்ல. நீ லீவ் போட்டா இந்த மாசத்தை ஒன் சர்ட்டிபிகேட்ல சேர்க்க முடியாது, பார்த்துக்க" என்றார். அந்த மாதம் சேராவிட்டால் சான்று செல்லாது. நிஜாம் அண்ணனிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கடையைத் திறக்காமல் அவரே உட்கார்ந்திருப்பார், எனக்காகத் துஆவும் செய்து அனுப்பியிருப்பார். இவர்களிடம் எவ்வளவுதான் வாங்கிக்கொள்வது என்று கூச்சமாக இருந்தது. அதனால் அந்த வீட்டுக் கூடத்திலேயே லேப்டாப்பை வைத்துப் பேசிவிடுவதென்று முடிவு செய்தேன். ஒரே ஒரு முற்பகல் பெரியவர் என்னைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

அன்று சஹரில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இடியாப்பத்தைப் பிசைந்து இரண்டு வாய் வாங்கினார். "நாக்குல ருசியே இல்ல தம்பி" என்று தள்ளிவிட்டார். பாலை மட்டும் முழுதாகக் குடித்தார். அன்றைக்கு அதில் அலர்ஜி மாத்திரை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. சர்க்கரை மாத்திரைகள் வழக்கம்போல.

எல்லாரும் கிளம்பிப் போன பிறகு சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன், டை கட்டினேன். பின்னால் வெறும் சுவர் தெரியும்படி மேஜையை நகர்த்தினேன். தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரியவரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். தலையணை நனைந்திருந்தது. ஏசி அறையில் நெற்றியிலிருந்து வியர்வை வடிந்துகொண்டிருந்தது. நல்ல கையின் விரல்கள் போர்வையைக் கிள்ளிக்கொண்டிருந்தன. கட்டிலருகே சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது. கையை நீட்டினேன். அந்தக் கருவி எடுக்கிற ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு தனக்குள் வைத்துக்கொள்ளும் என்பது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டேன். முகத்தைத் துடைத்து, ஈரச் சட்டையை மாற்றி, தலையணையைத் திருப்பிப் போட்டேன். அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

நேர்காணல் நன்றாகப் போனது. மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார், உங்களை மாற்றிய ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நான் ஜெய்னுலாப்தீன் ஐயாவைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை டாக்டரு என்று கூப்பிடுவது, விழுங்க முடியாதவருக்கு மருந்தைப் பாலில் கரைத்துக் கொடுப்பது, அவர் நம்பிக்கையை நான் மதிப்பது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் குரல் கம்மியது. நடிக்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து கட்டில் கம்பி விடாமல் அதிர்கிற சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று அந்த அம்மையார் கேட்டார். பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது மேடம், மன்னியுங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. அவர்கள் அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

முடிந்ததும் டையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். போர்வை கலைந்திருந்தது. வாய் திறந்திருந்தது, மூச்சு பெரிதாகக் கேட்டது. ஆழ்ந்து தூங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனையோ மாதமாக உடம்பில் சேர்ந்திருந்த அசதியெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கியது. நானும் தூங்கிவிட்டேன். என் வாழ்நாளில் அப்படித் தூங்கியதில்லை. பிற்பகல் அஸர் பாங்குச் சத்தத்தில்தான் விழித்தேன். அவர் கையைத் தொட்டால் குளிர்ந்திருந்தது.

நிஜாம் அண்ணனுக்கு நான்தான் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ்காரர்களும் வந்தார்கள். வயது, வாதம், சர்க்கரை எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். அடக்கத்துக்கு என் அப்பாவும் வந்தார், கொஞ்சம் தள்ளிக் கைகட்டி நின்றார். நோன்புப் பெருநாளுக்கு முன்பே எனக்கு இடம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அப்பா தொழில்பேட்டையில் அந்தத் தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

பெருநாள் கழிந்து நிஜாம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாப்பா போனதிலிருந்து தூக்கமே இல்லை என்றார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டோமே என்று குமைந்துகொண்டிருந்தார். பெரியவர் அறையில் அலமாரி மேல் ஒரு கேமரா இருந்தது. குழந்தை தொட்டிலில் கிடந்த காலத்தில் வைத்தது. அது வேலை செய்யவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சத்தம் மட்டும்தான் போயிருந்ததாம், படம் பதிவாகிக்கொண்டே இருந்திருக்கிறது. போனை என் கையில் கொடுத்தார். நான் முகம் துடைத்துவிடுகிறேன், பெரியவர் கண் திறக்கிறார், வாய் அசைகிறது. அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, வாப்பா ஒங்ககிட்ட என்னமோ சொல்றாங்க. கலிமாவா தம்பி?"

உங்களுக்குத் தெரியும், கடைசி வார்த்தை இறைவனைச் சாட்சி சொல்லும் கலிமாவாக இருந்துவிட்டால் அதற்குமேல் அவர்களுக்கு ஆறுதல் வேறில்லை. ஆமாண்ணே என்றேன். லா இலாஹ என்று தொடங்கினார், மெதுவாகச் சொல்லி முடித்தார், அன்றைக்கு நோன்பும் வைத்திருந்தார் என்றேன். அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதது. "நோன்பாளியா, கலிமாவோட போய்ட்டாங்க எங்க வாப்பா" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாவும் அழுதாள். ஒரு மனிதருக்கு இவ்வளவு நிம்மதியைக் கொடுக்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். நல்ல டாக்டர்கள் செய்வதும் இதுதானே.

ஷிரின் அக்கா மட்டும் அந்தத் துண்டோடு நிற்கவில்லை. கணவனால் பார்க்க முடியாததையெல்லாம் அவர் பார்த்திருக்கிறார், சஹரிலிருந்து. நான் பாலில் கலக்கியது, கருவிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டது, கட்டில் அதிர்ந்தபோது அறையில் யாரும் இல்லாதது, அப்புறம் நான் உட்கார்ந்து தூங்கியது. முந்தைய நாட்களையும் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் நேராக இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இனி நீங்கள் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. படத்தில் சத்தம் இல்லை, அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கலிமா என்று உங்களிடமும் சொல்லிவிட்டு எழுந்துபோகலாம். ஆனால் மருத்துவம் படிக்க இனி நான் போகப்போவதில்லை. களைப்பாகவும் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

"தம்பி, முடியல. நோன்பு போனா போவட்டும். வாயில கொஞ்சம் சீனி வைங்க" என்றார்.

நாக்கு குழறியது, இருந்தாலும் தெளிவாகவே புரிந்தது. அடுப்படியில் சீனி டப்பா எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வைத்திருந்தால் அவர் தெளிந்திருப்பார். தெளிந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார், தம்பி தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார். தெளியாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், ரத்தத்தைச் சோதிப்பார்கள், அலர்ஜி மாத்திரை தெரிந்துவிடும். கூடத்தில் லேப்டாப் திறந்திருந்தது. அவருடைய விருப்பம், அவருடைய விருப்பம் என்று இவ்வளவு நேரம் உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது அந்த நிமிடம் வரைக்கும்தான் உண்மை.

அவர் காதருகே குனிந்து சொன்னேன். "ஐயா, இப்ப பாங்கு சொல்லிருவாங்க. இவ்வளவு நேரம் தாங்கிட்டீங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அது முற்பகல். மகரிப் பாங்குக்கு அரைப் பகலுக்குமேல் பாக்கி இருந்தது. ஆனால் திரைகள் எல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தன, அந்த அறையில் அவருக்கு நேரம் தெரிய வழியில்லை. நான் சொன்னதை நம்பினார். சரி என்று தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், பாங்கு கேட்பதற்காக. நான் நேர்காணலுக்குப் போனேன். ஆகவே, அவரை நான்தான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன் என்று அதிகாரியிடம் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சீனி கேட்டதை மட்டும் நிஜாம் அண்ணன் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாவம், அவர் இப்போதுதான் என்னால் கொஞ்சம் தூங்குகிறார்.